ஸ்பீடு போன பொறவு ஸ்ட்ரைக்கர்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?

தம்பி, நீ கேட்டது ரெண்டு கேள்வி. ஃபுட்பால்ல ஒரு ஸ்ட்ரைக்கர, அதாவது முன்னாடி நின்னு கோல் அடிக்கறவன, பெரிய ஆளாக்கறது அவன் ஸ்பீடா இல்ல வயசோட வர்ற அனுபவமா, இது மொத கேள்வி. போன மாசம் ஏற்காட்டுல எஸ்டேட் பசங்களோட ஆடினப்ப ஒரு 19 வயசு சென்டர் பேக், அதாவது நடு டிஃபென்டர், உன்ன ரெண்டு தடவ ஓடியே புடிச்சிட்டான், 'எனக்கு 28 ஆயிடுச்சு, இனிமே பின்னாடி மிட்ஃபீல்டுக்கு போயிடலாமாண்ணா'ன்னு கேட்ட, இது ரெண்டாவது. ரெண்டாவதுக்கு பதில் இப்பவே சொல்லிடறேன், போகாத. சுமார் 1,500 மீட்டர் உசரத்துல பொறந்து வளந்து தெனமும் காப்பி தோட்டத்து சரிவுல ஏறி எறங்கறவன் காலு அது, நீ சேலத்துல வாரம் பூரா சேர்ல உக்காந்து வேல பாத்துட்டு 20 ஹேர்பின் வளைவுலயும் வாந்தி எடுக்காம மேல போய் சேந்ததே பெருசுன்னு எறங்குன ஆளு, அவனோட ஓட்டப்பந்தயம் வெச்சா முடிவு அப்புடித்தான் இருக்கும். தப்பு உன் வயசுல இல்ல, அவனோட ஓட்டப்பந்தயம் வெச்சதுல.

மொத கேள்விக்குதான் நெறைய பேசணும், பொறுமையா படி.

ஸ்பீடுன்னு நாம பொத்தாம்பொதுவா ஒண்ணா சொல்லிடறோம், ஆனா ஸ்ட்ரைக்கருக்கு அது மூணு தனித்தனி சமாச்சாரம். 40 மீட்டர் நேரா ஓடறது ஒண்ணு. நின்ன எடத்துலருந்து மொத மூணு அடி வெடிச்சு கெளம்பறது இன்னொண்ணு. மூணாவத யாரும் ஸ்பீடுன்னே நெனைக்கறதில்ல, அது பிரேக்கு, அதாவது ஓடிட்டு இருக்கும்போதே பட்டுனு நிக்கறது, நீ நின்னுட்ட, டிஃபென்டர் ஓடற வேகத்துல இன்னும் ரெண்டு அடி தள்ளி போயிட்டான், அந்த ரெண்டு அடி எடம் உனக்கு சும்மா கெடைச்சுது. வயசு இந்த மூணுத்தயும் ஒரே நேரத்துல எடுத்துட்டு போறதில்ல. மொதல்ல போறது நீள ஓட்டம். தொடைல ரெண்டு வகை நார் இருக்கு, வெடிச்சு இழுக்கறது ஒண்ணு, மெதுவா ரொம்ப நேரம் தாங்கறது ஒண்ணு, வயசாக ஆக மொத வகைதான் முன்னாடி சுருங்கும். அதவிட பெரிய அடி என்னன்னா ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவுல தேறி வர்ற நேரம். 33 வயசுக்காரன ஒரே ஒரு தடவ ஓட விட்டா 23 வயசுக்காரனோட ஓரளவுக்கு ஈடு குடுத்துருவான், எட்டாவது தடவ ஓடும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

கெர்ட் முல்லர எடுத்துக்க. ஜெர்மன்காரர், குட்டையா கட்டையா இருப்பாரு, தொட ரெண்டும் மரக்கட்ட மாதிரி. 40 மீட்டர் ஓட விட்டு பாத்து யாரும் அவர டீம்ல எடுத்திருக்க மாட்டாங்க, ஆனா ஜெர்மனி லீக்கான புண்டஸ்லிகால 427 மேட்ச்ல 365 கோல். 1974 வேர்ல்டு கப் ஃபைனல்ல நெதர்லாந்துக்கு எதிரா அடிச்ச ஜெயிப்பு கோலு எப்புடி வந்துச்சு? வலதுபக்கம் இருந்து பந்து வருது, அது அவருக்கு கொஞ்சம் பின்னாடி போகுது, அவர் பிரேக் அடிச்சு திரும்பி சின்னதா ஒரு தட்டு, அவ்ளோதான். கோலுக்கு முன்னாடி இருக்கற பெனால்ட்டி பாக்ஸோட ஆழமே 16.5 மீட்டர்தான், பெனால்ட்டி புள்ளி 11 மீட்டர், கோல்ல பெரும்பாலானது விழறது அந்த கட்டத்துக்குள்ளதான். அங்க 40 மீட்டர் ஸ்பீட வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற.

அப்ப ஸ்பீடு வேண்டாமான்னு கேட்டா, அப்புடி நான் சொல்லவே இல்ல. 1998 வேர்ல்டு கப்ல, பிரான்ஸ்ல இருக்கற சாங் எட்டியென்ல அர்ஜென்டினாவுக்கு எதிரா இங்கிலாந்து மைக்கேல் ஓவன் 18 வயசுல அடிச்ச கோல பாத்தவன் எவனும் அப்புடி சொல்லமாட்டான். 2018 வேர்ல்டு கப்ல பிரான்ஸ் எம்பாப்பே அதே அர்ஜென்டினாவ, தன்னோட பாதியிலருந்து பந்த எடுத்துட்டு கிழிச்சிட்டு போயி பெனால்ட்டி வாங்குனத நெனச்சு பாரு, டிஃபென்டருங்க என்ன செய்யணும்னு தெரிஞ்சவங்கதான், ஆனா தெரிஞ்சு என்ன பண்றது, கால் வரல. ஐஎஸ்எல்ல, அதாவது இந்தியன் சூப்பர் லீக்ல, நம்ம சென்னையின் எஃப்சிக்காக 2015ல மென்டோசா 13 கோல் அடிச்சு, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கினானே, அவன் பந்த தள்ளி விட்டு ஓட ஆரம்பிச்சா மொத்த டிஃபென்ஸும் பின்னாடியே மூச்சு வாங்கிட்டு ஓடும். ஆனா அதுக்கு முந்துன வருசம் அதே டீம்ல அதே கோல்டன் பூட்ட 8 கோலோட வாங்கினது 33 வயசு எலானோ. அவர் ஸ்ட்ரைக்கரே இல்ல, மிட்ஃபீல்டரு, நெறைய நேரம் நடந்துட்டுதான் இருப்பாரு, ஃப்ரீ கிக் கெடைச்சா போதும். சென்னையின் நீலச் சட்டக்காரங்க ரெண்டு வருசம் காட்டின இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாரு, பாதி பதில் அதுலயே இருக்கு.

சரி, ஸ்பீடுல இருக்கற சிக்கல் என்ன? அது உன்ன சோம்பேறியாக்கிடும். நான் என் கதைலருந்தே சொல்றேன். காலேஜ் படிக்கும்போது எனக்கு ஸ்பீடு இருந்துச்சு, பின்னாடி நல்லா ஒதைக்கற ஒரு பையன் இருந்தான், அவன் ஒதப்பான் நான் ஓடுவேன், அஞ்சு வருசம் இதே கதைதான். ஆஃப்சைட் லைன்ல, அதாவது பாஸ் வர்ற நேரத்துல தாண்டி நிக்கக்கூடாத அந்த கடைசி டிஃபென்டர் கோட்டுல, எப்புடி நிக்கறது, சென்டர் பேக்கோட கண்ணுக்கு படாத பக்கம் எப்புடி ஒளியறது, பந்து வர்றதுக்கு முன்னாடி தோள் மேல திரும்பி யாரு எங்க இருக்கான்னு பாக்கறது, ஒண்ணுமே கத்துக்கல, தேவையே படல. 29 வயசுல ஒரு நாள் காலைல செம்மண் கிரவுண்டுல, வார்ம்-அப் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது, பைக்க நிறுத்திட்டு நேரா எறங்கி ஓடினேன், பின்தொடைல யாரோ கல்ல விட்டு எறிஞ்ச மாதிரி ஒரு அடி, திரும்பி பாத்தா யாருமே இல்ல. ஹேம்ஸ்ட்ரிங். அது ஏன் ஃபுல் ஸ்பீடுல கிழியுதுன்னா, முன்னாடி வீசற கால கடைசி நொடில புடிச்சு நிறுத்தற வேலையே அந்த தசைக்குதான், நீண்டுக்கிட்டே இழுத்து புடிக்கணும், எவ்ளோ ஸ்பீடா ஓடறியோ அவ்ளோ பாரம். மூணு மாசம் கழிச்சு திரும்பி வந்தா நான் ஒரு சாதாரண ஆளு. ஸ்பீட கழிச்சிட்டு பாத்தா என்கிட்ட மிச்சம் ஒண்ணுமே இல்ல.

ஓவனுக்கு நடந்ததும் இதுதான், என்ன, அவன் ஓவன், நான் சேலம் ஜங்ஷன் பக்கத்துல ஆடற ஆளு. 1999 ஏப்ரல்ல லீட்ஸ்ல அந்த ஹேம்ஸ்ட்ரிங் போச்சு, அப்ப அவனுக்கு 19 வயசு, அதுக்கப்பறம் பழைய ஆளா நான் இல்லன்னு அவனே பல தடவ சொல்லிருக்கான். இருந்தாலும் 2001ல அந்த வருசத்தோட சிறந்த ஆட்டக்காரனுக்கான பலோன் டோர் வாங்கினான், அந்த வருசம் எஃப்ஏ கப் ஃபைனல்ல ஆர்சனலுக்கு எதிரா கடைசில வந்து ரெண்டு கோல் அடிச்சு கப்ப புடுங்கினான், அத மறைச்சு பேசக்கூடாது. ஆனா 33ல ரிட்டையர் ஆகும்போது பெஞ்சுல உக்காந்திருந்த ஆளாத்தான் போனான். ஸ்பெயின் ஸ்ட்ரைக்கர் டோரஸ் இன்னும் பாவம். 2010ல முட்டி ஆபரேஷன், 2011 ஜனவரில 50 மில்லியன் பவுண்டு குடுத்து செல்சி வாங்கினப்ப வயசு 26தான், அங்க லீக்ல 110 மேட்ச்ல 20 கோல். லிவர்பூல்ல அவன் பண்ணினதெல்லாம் டிஃபென்டர் தோள உரசிட்டு மொத மூணு அடில தாண்டி போறது, அந்த மூணு அடி ரெண்டர அடி ஆனதும் மொத்த ஆட்டமும் சரிஞ்சுது. 26 வயச யாரு கெழவன்னு சொல்லுவா?

இங்கதான் வயசுன்னா என்னன்னே ஒரு சந்தேகம் வரணும். சங்ககிரி பக்கம் பழைய லாரி வாங்கறவன் எந்த வருச மாடல்னு மட்டும் பாத்துட்டு காசு குடுப்பானா? எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு, என்ன லோடு அடிச்சிருக்குன்னு தோண்டி கேட்டுட்டுதான் வெலையவே பேசுவான். ஓவன் 17 வயசுல லிவர்பூலுக்கு எறங்கிட்டான், 16 வயசுல எவர்டனுக்கு எறங்கின ரூனியும் முப்பது தாண்டினதும் தேஞ்சுதான் போனான். ஜேமி வார்டி சின்ன சின்ன லீக்ல ஆடிட்டு கெடந்து 25 வயசுல லெஸ்டருக்கு வந்தான், 33 வயசுல 23 கோல் அடிச்சு பிரீமியர் லீக் கோல்டன் பூட் வாங்கினான், அதுவும் ஸ்பீட வெச்சே. ட்ரோக்பா மொத ப்ரொஃபஷனல் கான்ட்ராக்ட் போட்டதே 21 வயசுலதான், ஐரோப்பா கிளப்புங்களோட பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக்ல, 2012 ஃபைனல்ல செல்சிக்காக 34 வயசுல 88வது நிமிசம் அந்த ஹெட்டர், அப்பறம் கடைசி பெனால்ட்டியும் அவனேதான். பர்த் சர்டிஃபிகேட் ஒரு வயசு சொல்லும், முட்டி வேற வயசு சொல்லும்.

இப்ப அனுபவம். இந்த வார்த்தைய எல்லாரும் சாமி பேர் மாதிரி சும்மா சொல்லிட்டு போயிடறாங்க, உள்ள என்ன இருக்குன்னு யாரும் பிரிச்சு சொல்றதில்ல. எனக்கு அத காட்டினது நம்ம ஊரு ஆளு ஒருத்தர்தான். ஒரு காலத்துல மில் டீமுக்கு ஆடினவரு, நான் பாக்கும்போது அவருக்கு 45க்கு மேல, தொப்ப வேற. என் ஹேம்ஸ்ட்ரிங் போயி நான் வெளிய உக்காந்திருந்த காலத்துல பொழுதுபோகாம அவரயே பாத்துட்டு இருந்தேன், மேட்ச் பூரா அவர் மொத்தமா ஓடினத அளந்தா எங்க தெரு முக்குல இருக்கற தட்டுவடை செட் கடைக்கு போயிட்டு வர்ற தூரம் கூட வராது, ஆனா வாரத்துக்கு ரெண்டு கோல் போட்டுருவாரு. எப்புடின்னு பாத்தா, விங்ல பந்து போச்சுன்னா எங்காளுங்க எல்லாம் கோல பாத்து ஓடுவானுங்க, டிஃபென்டருங்களும் கூடவே கோல பாத்து ஓடுவானுங்க, இவர் மட்டும் ரெண்டு அடி பின்னாடி வந்து பெனால்ட்டி புள்ளிகிட்ட நின்னுக்குவாரு, கட்பேக் வரும், அதாவது கோல் கோட்டுகிட்ட இருந்து பின்னாடி தள்ளி விடற பாஸ், சைடு ஃபுட்ல தள்ளி விடுவாரு. கிராஸ் உசரமா வந்தா ஃபார் போஸ்ட், அதாவது தூரத்து கம்பம். அதும் டிஃபென்டர் முன்னாடி நிக்கமாட்டாரு, முதுகுப்பக்கம். அந்த டிஃபென்டர் ஒரே நேரத்துல பந்தயும் பாக்க முடியாது இவரயும் பாக்க முடியாது, அவன் தலைய பந்து பக்கம் திருப்புற அந்த நொடிலதான் இவர் நகருவாரு. ஒரு நாள் கேட்டேன், என்னண்ணா உங்களுக்கு மட்டும் பந்து தேடி வருதுன்னு. பந்து வர்றதுக்கு முன்னாடியே நான் அங்க போயி நின்னுட்டேன்டா, நீ பந்து வந்தப்பறம் ஓட ஆரம்பிக்கற, அதான் உனக்கு ஸ்பீடு தேவப்படுதுன்னாரு. மலை ரோட்டுல நம்ம ஏற்காடு பஸ் டிரைவர பாத்திருப்பியே, வளைவு வந்தப்பறம் ஸ்டியரிங்க ஒடிக்கறது பைக்ல போற டூரிஸ்ட்டு, அவரு வளைவுக்கு முன்னாடியே ஒடிக்க ஆரம்பிச்சிருப்பாரு.

இதே வித்தைய பெரிய லெவல்ல பண்ணினவன் இத்தாலி ஸ்ட்ரைக்கர் இன்சாகி. சுமாரான ட்ரிப்ளிங், சுமாரான ஸ்பீடு, வெளிய இருந்து அடிக்கற ஷாட்டும் ஒண்ணும் பெருசா கெடையாது. லைனுக்கு அந்தப்பக்கம் ஆஃப்சைட்ல ஜாலியா நின்னுட்டு இருப்பான், பாஸ் குடுக்கறவன் கால தூக்கும்போது இந்தப்பக்கம் வந்து மறுபடி கெளம்புவான், பத்து தடவைல ஏழு தடவ கொடி தூக்குவாங்க, அவனுக்கு கவலையே இல்ல, மிச்ச மூணு போதும். 2007 ஏதன்ஸ்ல லிவர்பூலுக்கு எதிரா சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், வயசு 33, ரெண்டு கோலும் அவன்தான், ரெண்டாவது கோலுக்கு காக்கா பாஸ் விட்ட நேரத்தயும் அவன் ஓட ஆரம்பிச்ச நேரத்தயும் மட்டும் ஒரு தடவ நிறுத்தி நிறுத்தி பாரு. 37 வயசுல ரியல் மாட்ரிட்டுக்கு எதிராவும் ரெண்டு போட்டான். அதே இத்தாலில டி நட்டாலே 32லயும் 33லயும் அடுத்தடுத்து டாப் ஸ்கோரர், லூக்கா டோனி 38 வயச தொட்ட சீசன்ல 22 கோல். அது என்னமோ அந்த நாட்டு லீக்ல ஆட்டம் கொஞ்சம் நிதானமா போறதாலயும், யோசிச்சு ஆடற ஸ்ட்ரைக்கருக்கு மரியாத இருக்கறதாலயும்னு நான் நெனைக்கறேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

கேமரூன் ஸ்ட்ரைக்கர் ரோஜர் மில்லா கதைல ஒரு விசயத்த எல்லாரும் விட்டுடறாங்க. 1990ல 38 வயசுல 4 கோல், கார்னர் கொடிகிட்ட டான்ஸ், எல்லாம் தெரியும். ஆனா அந்த வேர்ல்டு கப்ல எல்லா மேட்ச்லயும் அவர் சப்ஸ்டிட்யூட்டாதான் எறங்கினாரு. மொத நிமிசத்துலருந்தே எறக்கி விட்டிருந்தா 38 வயசு கால் என்னாயிருக்கும்? பெரும்பாலும் எதிராளி களைச்சதுக்கு அப்பறம் எறக்குனாங்க, அப்ப 38 வயசு ஃப்ரெஷ் காலும் 25 வயசு களைச்ச காலும் சமம், மூளைதான் மிச்சம், பாவம் கொலம்பியா கீப்பர் இகீட்டா மாட்டினாரு. 1994ல ரஷ்யாவுக்கு எதிரா 42 வயசுல மறுபடி ஒண்ணு போட்டாரு, அந்த மேட்ச கேமரூன் 6-1ன்னு தோத்துச்சுன்றது வேற கத.

நம்மாளு சுனில் சேத்ரியயும் சொல்லணும். அஞ்சடி ஏழு அங்குலம்தான், எந்தக் காலத்துலயும் ஃபீல்டுலயே ஸ்பீடான ஆளு அவர் கெடையாது, அதனால தொலைக்கறதுக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. 2005ல ஆரம்பிச்சு 2024 ஜூன்ல சால்ட் லேக்ல விடைபெறும்போது இந்தியாவுக்கு 94 கோல், அதுக்கப்பறம் 40 வயசுல ஐஎஸ்எல்ல 12 கோல் போட்டதால மறுபடி கூப்ட்டாங்க, 2025 மார்ச்ல வந்து மாலத்தீவுக்கு எதிரா ஒரு ஹெட்டர். இத அவரோட பெருமைன்னு சொல்றதா, நம்மகிட்ட வேற ஸ்ட்ரைக்கர் இல்லன்ற கொறைன்னு சொல்றதான்னு எனக்கு இன்னும் கொழப்பம்தான். ரெண்டும்னு வெச்சுக்க.

இப்ப உன் மொத கேள்விக்கு வர்றேன், யாரு பெரியவன். நான் என்ன அளவுகோல் வெச்சிருக்கேன்னா, ஸ்பீடு போன அடுத்த ரெண்டு வருசத்துல அவன் என்ன பண்ணினான்னு பாப்பேன். பிரேசில் ரொனால்டோவ எடுத்துக்க. பார்சிலோனால 1996-97ல 49 மேட்ச்ல 47 கோல், வயசு 20. அந்த ஆட்டத்த நான் பாத்தது பின்னாடி வந்த வீடியோலதான், அதுக்கே வாய மூட முடியல, கம்போஸ்டெலான்ற டீமுக்கு எதிரா அடிச்ச கோல்ல சட்டைய புடிச்சு இழுக்கறானுங்க, அவன் அவனுங்களயும் சேத்து இழுத்துட்டு போறான். அந்த ஸ்பீடு, அதோட அந்த பிரேக்கு, ரெண்டுக்கும் முட்டிதான் வட்டி கட்டுச்சு. 1999 நவம்பர்ல ஒரு தடவ, அப்பறம் 2000 ஏப்ரல்ல திரும்பி வந்து ஆறேழு நிமிசம் ஆடி, ஒரு ஸ்டெப்-ஓவர் போடும்போது மறுபடி அதே முட்டி, அந்த அலறல இன்னைக்கும் என்னால சவுண்டு வெச்சு பாக்க முடியாது. 2002 வேர்ல்டு கப்ல, எல்லாரும் முடிஞ்சுதுன்னு நெனச்ச ஆளு 8 கோல் போடறான். அந்த 8 கோல வரிசையா பாரு, கம்போஸ்டெலா மாதிரி ஒண்ணு கூட இருக்காது. செமிஃபைனல்ல துருக்கிக்கு எதிரா, கால பின்னாடி எடுக்காமயே மொனைக்கால்ல ஒரு குத்து, நம்ம பிடி சார் பாத்திருந்தா டோல அடிக்காதடான்னு விசில எறிஞ்சிருப்பாரு, ஆனா கால வீசாததாலதான் கீப்பருக்கு எப்ப அடிக்கறான்னே தெரியல. ஃபைனல்ல மொத கோலு, ரிவால்டோ அடிச்ச ஷாட்ட ஆலிவர் கான் நழுவ விடறாரு, அங்க ஏற்கனவே போயி நிக்கறது யாரு? நான் சொன்ன மில் அண்ணன்தான், மஞ்சச் சட்ட போட்டுட்டு. 1996 ரொனால்டோவ பாத்து பொறாமப்பட்டேன், 2002 ரொனால்டோவ பாத்துதான் எந்திரிச்சு நின்னு கை தட்டினேன்.

போர்ச்சுகல் ரொனால்டோ வேற ரகம், அவன் அடி வாங்கி கத்துக்கல, முன்கூட்டியே மாத்திக்கிட்டான். விங்கரா இருந்தவன் முப்பத தொடும்போது ட்ரிப்ளிங்க கொறைச்சுட்டு பாக்ஸுக்குள்ள குடி போயிட்டான். 2017 சாம்பியன்ஸ் லீக்ல காலிறுதிலருந்து ஃபைனல் வரைக்கும் 5 மேட்ச்ல 10 கோல், வயசு 32. 2019ல சம்ப்டோரியாவுக்கு எதிரா 2.56 மீட்டர் உசரத்துல தலையால அடிச்சப்ப 34. ஒடம்ப பேணினது பாதி, எங்க நிக்கணும்னு மாத்திக்கிட்டது மீதி.

ஒரு எச்சரிக்க மட்டும், வயசான ஸ்ட்ரைக்கர் கோல் கணக்க பாக்கும்போது பெனால்ட்டிய கழிச்சு பாரு. இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஷியரர் மேல எனக்கு உசுரு, ரெண்டு பெரிய காயத்துக்கு அப்பறம் ஓடறத விட்டுட்டு முதுகால டிஃபென்டர தாங்கி ஆடக் கத்துக்கிட்டு 35 வரைக்கும் ஆடினவரு, ஆனா பிரீமியர் லீக்ல அவர் போட்ட 260 கோல்ல 56 பெனால்ட்டி. அதுக்காக கொறச்சு பேசல, பெனால்ட்டி அடிக்கறதும் ஒரு வேலைதான், ஆனா அதுக்கு வயசு ஒரு தடையே இல்லல்ல.

உன் விசயத்துக்கு வர்றேன். அந்த 19 வயசு பையன் உன்ன புடிச்ச ரெண்டு தடவயும் நீ அவனுக்கு முன்னாடி நின்னு, அவன் பாத்துட்டு இருக்கும்போதே நேரா ஓடின, நான் கோட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன். அடுத்த தடவ போகும்போது அவன் பக்கமே நிக்காத, அந்த ரெண்டு சென்டர் பேக்ல பந்தயே பாத்துட்டு நிக்கற ஒருத்தன் இருந்தான்ல, எடதுபக்கத்தவன், அவன் முதுகுக்கு பின்னாடி போயி நில்லு. நேரா ஓடாம லைன ஒட்டி வளைஞ்சு ஓடு. அங்க மண்ணு ஈரமா, கிரவுண்டு கீழ்ப்பக்கம் சரிஞ்சு இருந்துச்சு, பனி எறங்கிட்டா பந்து சறுக்கிட்டு வரும், கீப்பர் கைல நிக்காது, எவன் ஷாட் அடிச்சாலும் சும்மாவாவது உள்ள போயி நில்லு. அப்பறம் வாரத்துக்கு ரெண்டு நாள், முட்டி போட்டு உக்காந்து கணுக்கால ஒருத்தன புடிச்சுக்க சொல்லிட்டு மெதுவா முன்னாடி சாயற பயிற்சி இருக்கு, நார்டிக்னு சொல்லுவாங்க, ஹேம்ஸ்ட்ரிங் காயத்த அது நல்லாவே கொறைக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணியே காட்டிருக்காங்க, மொத நாலு நாள் படி எறங்க முடியாது, பயப்படாத. ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு டர்ஃபுக்கு வந்துடு, கணுக்கால நான் புடிச்சுக்கறேன். மேட்ச் ஏழு மணிக்குதான்.